நாலாவது மணி

எங்கள் வீட்டு நாய்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான். மணி. இப்போது இருப்பவன் நாலாவது. முதல் மூன்று மணிகளும் தக்காளிக் கொல்லையில் வளர்ந்தவை. இவன் மட்டும் பேரிகையில், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியரின் மேசைக்கு அடியில் வளர்கிறான்.

வந்த இரண்டு வாரத்தில் ஒரு லேப்டாப் சார்ஜர், ரேஷன் கார்டின் ஒரு மூலை, அப்பாவின் இடதுகால் செருப்பு எல்லாம் போயின. வலதுகால் செருப்பை அவன் தொடவே இல்லை. அதுதான் அப்பாவுக்கு இன்னும் கடுப்பு.

தப்பு என்னுடையது. மாலூர் போகிற ரோட்டில் ஒரு ரோஜாத் தோட்டத்தில் ஐந்து வாரக் குட்டியாக இருந்தபோதே தூக்கி வந்துவிட்டேன். எட்டு வாரமாவது தாயோடும் கூடப் பிறந்த குட்டிகளோடும் இருக்க வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும். அழுத்திக் கடித்தால் கடிபட்டது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். எவ்வளவு அழுத்தலாம் என்பதை அங்கேதான் கற்றுக்கொள்கின்றன. மணிக்கு அந்தப் பாடம் பாதியில் நின்றுவிட்டது.

அந்தப் பாடத்தை என் அக்கா மகள் கையில் படித்தான். ஐந்து வயசுக் குழந்தை. விளையாட்டுக் கடிதான், ஆனால் ரத்தம் வந்துவிட்டது. சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் கழுவினோம். அவள் அழுத அழுகையைவிட அக்கா பேசாமல் இருந்ததுதான் என்னவோ செய்தது. ஆஸ்பத்திரியில் காயத்தைச் சுற்றி ஓர் ஊசி, பிறகு 0, 3, 7, 28 என்று நாள் கணக்கில் ஊசிகள். மணிக்கு வெறிநாய் ஊசி போடும் வயசு அப்போது ஆகவில்லை, அதனால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடவும் முடியாது.

அன்று ராத்திரி அப்பா பரணிலிருந்து பழைய சங்கிலியை எடுத்தார்.

"கட்டிப் போடுடா. மொத மூணு மணியையும் நான் என்ன ஸ்கூலுக்கா அனுப்புனேன்?"

"அதுங்களுக்குக் கொல்லை இருந்துச்சுப்பா."

சொல்லியிருக்கக் கூடாது. கொல்லையை விற்று நாலு வருஷம். இப்போது அங்கே லேஅவுட் கல் நட்டிருக்கிறார்கள். அப்பா காலையில் டீ குடிப்பார், ஒழுகாத குழாயை இறுக்குவார், டிவியில் சேனல் மாற்றுவார், பிறகு அம்மாவிடம் சண்டைக்கு நிற்பார். "உள்ள ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் இருக்கீங்க" என்று அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள். அப்பா சங்கிலியை ஆணியில் மாட்டிவிட்டுப் படுக்கப் போனார்.

மணியை வெளியே கூட்டிப்போகவும் முடியாது. தடுப்பூசிகள் முடியும்வரை மற்ற நாய்கள் திரிகிற இடத்தில் விடக் கூடாது, பார்வோ தொற்றிக்கொள்ளும். பால்பல் 28 விழுந்து 42 பல் முளைக்கிற காலம் வேறு. ஈறு நமைச்சலில் எதையாவது கடித்தே ஆக வேண்டும். பழைய துண்டை நனைத்து முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தேன். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும். அப்பா தேங்காய் மட்டை கொடுத்தார். நார் குடலில் சிக்கிக்கொள்ளும் என்று பிடுங்கினேன்.

கட்டளைகள் தனிக் கூத்து. வா, ரா, பா என்று மூன்று மொழியில் கூப்பிட்டாலும் வந்துவிடுவான். 'விடு' என்பதுதான் சிக்கல். பக்கத்து வீட்டு அக்கா கன்னடத்தில் "பிடு, பிடு" என்பார். நாங்கள் பந்தைத் தூக்கிப் போட்டு "பிடி" என்போம். விடுவதா பிடிப்பதா என்று அவன் குழம்புவதில் நியாயம் இருக்கிறது.

1963-ல் கிளென் ஜென்சன் என்பவர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். கிண்ணத்தில் உணவு சும்மாவே இருக்கும். பக்கத்திலிருக்கும் கம்பியை அழுத்தினாலும் உணவு விழும். கிண்ணம் நிறைய இருந்தும் பல எலிகள் போய்க் கம்பியை அழுத்தின. பிறகு வேறு பல விலங்குகளிடமும் இதைப் பார்த்தார்கள். பூனை மட்டும் மசியவில்லை (பூனை வைத்திருப்பவர்களுக்கு இதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை). நாய்களில் நாய்க்கு நாய் மாறுகிறதாம். மணி எலிக் கட்சி.

தட்டில் வைப்பதை நிறுத்தினேன். ராகிக் களியும் வேகவைத்த கோழித் துணுக்கும் டம்ளரில் அடைத்து ஃப்ரீசரில் வைத்தால் காலை மீட்டிங் முழுக்க நக்கிக்கொண்டிருப்பான். மிச்சத்தை முட்டை அட்டைக் குழிகளில் ஒளித்து வைத்தேன். மூக்கை வைத்துத் தேடித் தேடித் தின்றுவிட்டு, அப்படியே சுருண்டு மூன்று மணி நேரம் தூங்கினான். குட்டி நாய் ஒரு நாளில் பெரும்பகுதி தூங்க வேண்டும். தூக்கம் கெட்டால்தான் அதிகம் கடிக்கும் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அப்பா இதையெல்லாம் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு மத்தியானம் மீட்டிங் முடிந்து எழுந்து போய்ப் பார்த்தால், பின்பக்கம் பழைய தக்காளி கிரேட்டில் சாக்கை விரித்து மண்ணை நிரப்பிக்கொண்டிருக்கிறார். நடுநடுவே கேரட் துண்டுகளைப் புதைத்து, மேல்மண்ணைக் கையால் நீவிவிடுகிறார், நாற்று நட்ட மாதிரி. மணி இரண்டு முன்னங்காலாலும் தோண்டுகிறான். அப்பா சட்டையெல்லாம் மண்.

அக்கா மகளுக்குக் கடைசி ஊசி முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவளும் வந்தாள். முதலில் அப்பாவின் முதுகுக்குப் பின்னால்தான் நின்றாள். அப்பா அவள் கையில் ஒரு கேரட் துண்டைக் கொடுத்து, "நீ பொதச்சு வை, அவன் பாக்காத மாதிரி" என்றார். மணியை நான் மடியில் பிடித்துக்கொண்டேன். வேகமாகப் புதைத்துவிட்டு ஓடிவந்து அம்மாவின் புடவைக்குள் நின்றுகொண்டு எட்டிப் பார்த்தாள்.

நேற்று கிளையண்ட் கால் நடுவே அப்பா கதவைத் தட்டினார். மைக்கை அணைத்தேன்.

"டேய், இதுல ஒடனே கண்டுபிடிச்சிர்றான். இன்னும் ஆழமா வேணும். பெரிய கிரேட் எங்கயாச்சும் கெடைக்குமா?"