கணினி சொன்ன சாட்சியம்

வீட்டில் ஒரு பொருள் பழுதுபட்டால், அதைக் கெடுத்தவர் யார் என்ற விசாரணையே முதலில் தொடங்குகிறது. பொருளைத் திறந்து பார்ப்பது பிறகுதான். இவ்வழக்கத்தினால் நாம் ஒருமுறை நன்றாக வெட்கப்பட நேர்ந்தது. அதை வாசகர்களிடம் சொல்லிக்கொள்வதில் எமக்கு இழுக்கொன்றுமில்லை.

2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் திகதி, தொற்றுநோயின் பொருட்டு நாடு முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஓயாது ஊர்ந்துசெல்லும் வாகனங்கள் மறைந்தன. மகாவலி மட்டும் யாருக்கும் அஞ்சாமல் ஓடிக்கொண்டிருந்தது. கொழும்பில் பணிபுரியும் எமது மூத்த மகன் அங்கேயே ஒரு வாடகை அறையில் அகப்பட்டுக்கொண்டான்.

தொலைபேசியில் நாள்தோறும் பேசுவோம். "சாப்பிட்டாயா?" என்போம், "சாப்பிட்டேன்" என்பான். அதற்குமேல் பேச்சு வளராது. ஆனால் ஞாயிறு மாலை ஏழு மணிக்கு அவனும் பத்தாம் வகுப்புப் படிக்கும் அவன் தங்கையும் கணினியில் சேர்ந்து விளையாடுவார்கள். காடு திருத்தி, பயிர் வைத்து, வீடு கட்டும் விளையாட்டு அது. கை வேலையில் இருக்கும்போது வாய் தானே திறந்துகொள்ளும் போலும்! அறையின் வெறுமை, சமையலில் பட்ட பாடு, இரவில் உறக்கம் வராமை எல்லாவற்றையும் தங்கையிடம் சொல்லுவான். அடுக்களை வாசலில் நின்று அவன் தாய் கேட்டுக்கொண்டிருப்பாள். நாமோ, "நேரத்தை வீணாக்குகிறார்கள்" என்று முணுமுணுத்தபடி பத்திரிகையைப் புரட்டுவோம்.

எமது வீட்டுக் கணினியில் இயங்குவது லினக்ஸ். விளையாட்டைத் திறக்க ஸ்டீம் என்னும் மென்பொருள் வேண்டும். வால்வ் நிறுவனம் 2013ஆம் ஆண்டு பெப்ரவரியில் லினக்ஸுக்கென வெளியிட்ட அது, விளையாட்டுகளுக்கெல்லாம் தலைவாயில் போன்றது. செப்டெம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில் அவ்வாயில் திறக்க மறுத்தது. படத்தைத் தட்டினால் சிறு வட்டம் ஒன்று சுழலும், பின் மறைந்துவிடும். எச்சரிக்கையும் இல்லை, விளக்கமும் இல்லை.

"நீதான் எதையோ தட்டிக் கெடுத்துவிட்டாய்" என்று மகளைக் கடிந்தோம். கணினியை அணைத்து ஏற்றினோம். இணைய இணைப்பை ஏசினோம். தொலைபேசியில் நண்பர் ஒருவர், எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறொரு இயங்குதளத்தைப் போடுங்கள் என்றார். அழித்தால் மகளின் பாடக் குறிப்புகளும் போகும். அதற்கும் நாம் ஆயத்தமாகிவிட்டோம்.

"பத்து நிமிடம் தாருங்கள், அப்பா. என்ன குறை என்று அதனிடமே கேட்டுப் பார்க்கிறேன்" என்றாள் மகள்.

டெர்மினல் எனப்படும் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ஸ்டீம் என்ற பெயரைத் தட்டெழுதினாள். படத்தைத் தட்டியபோது ஊமையாயிருந்த மென்பொருள் இப்போது வரிவரியாகப் பேசிற்று. லிப்ஜீஎல் என்னும் 32 பிட் நூலகத்தைக் காணவில்லை என்பதே அதன் முறையீடு. நூலகம் என்றால் புத்தகசாலையன்று. பல மென்பொருள்கள் பொதுவாக எடுத்தாளும் நிரல்களின் தொகுதி. திரையில் உருவங்களை வரைவதற்கு உதவுவது லிப்ஜீஎல். கணினி 64 பிட் வகையாயினும் ஸ்டீம் அந்நாளில் 32 பிட் நூலகங்களையும் நம்பியே நின்றது.

இருந்த நூலகம் எங்கே போயிற்று? உபுண்டு வகை லினக்ஸில் எதை நிறுவினாலும் நீக்கினாலும் ஒரு கணக்கேட்டில் பதிவாகும். நாளும் நேரமும் எழுதப்படும். கட்டளையிட்டவர் பெயரும் இருக்கும். மகள் அவ்வேட்டைத் திறந்தாள். இரண்டு நாட்களுக்கு முன், இரவு பதினொரு மணிக்குப் பின், ஐ386 என்ற குறியுடைய தொகுப்புகள் பல நீக்கப்பட்டிருந்தன. கட்டளையிட்டவர் என்ற இடத்தில் இருந்தது எமது பெயர்!

அப்போதுதான் நினைவு வந்தது. வட்டில் இடம் போதவில்லையென்று துப்புரவு செய்யப் புகுந்தோம். 386 என்பது இன்டெல் நிறுவனம் 1985இல் வெளியிட்ட சில்லின் எண். இவ்வளவு பழையது எதற்கு என்று யாரையும் கேளாமல் களைந்துவிட்டோம். 1991ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்ஸை எழுதியதே ஒரு 386 கணினியில்தான் என்பதைப் பின்னர் அறிந்தோம். பிறந்த வீட்டையே குப்பையென்று கருதியிருக்கிறோம்!

ஒரு சிறு ஆறுதலும் உண்டு. உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனமே 2019 ஜூனில் 32 பிட் தொகுப்புகளைக் கைவிடப் போவதாக அறிவித்தது. பழைய விளையாட்டுகள் பலவும் இயங்காமற் போகும் என்று எதிர்ப்பு எழவே, சில நாட்களிலேயே வேண்டியவற்றைத் தொடர்ந்து வழங்க இசைந்தது. வல்லுநர்களும் இடறிய கல்லில்தான் நாமும் இடறினோம். ஆயினும் அவர்கள் முன்கூட்டி அறிவித்தார்கள். நாம் அதுவும் செய்யவில்லை.

மகள் ஏட்டை மூடினாள்; எம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனம் ஏச்சிலும் கனமாயிருந்தது. "தவறு என்னுடையது, மகள். உன்னை ஏசியதும் தவறு" என்றோம். ஒரு தகப்பன் வாயிலிருந்து இவ்வார்த்தைகள் எளிதில் வருவனவல்ல.

நீக்கியவற்றை அவள் மீண்டும் நிறுவினாள். படத்தைத் தட்டியதும் ஸ்டீம் திறந்தது. மணி எட்டேகால். மகன் இன்னும் காத்திருப்பானோ என்ற ஐயம் எமக்கு. அவன் காத்திருந்தான். "ஏன் தங்கச்சி பிந்திவிட்டாய்?" என்று கேட்டான். அவள் எம்மைத் திரும்பிப் பார்த்தாள். "இயந்திரத்தில் சின்னக் கோளாறு, அண்ணா" என்றாள்.

கணினி மறைக்காத பெயரை மகள் மறைத்துவிட்டாள். நாம் நாற்காலியை இழுத்துப்போட்டு அவளருகே அமர்ந்தோம். "கோளாறு செய்தது நான்தான், தம்பி" என்று தொடங்கினோம். அன்றிரவு அவன் எம்மோடும் நெடுநேரம் பேசினான்.