சிறுமலையை வலமாகக் கொண்டு...

தை பிறந்துவிட்டால் திண்டுக்கல் நகரின் சாலைகளுக்குப் புதிய நிறம் வந்துவிடும். பச்சையும் காவியும் உடுத்திய அன்பர் கூட்டம் இரவும் பகலும் மேற்கு நோக்கி நடந்துகொண்டே இருக்கும். குன்றக்குடி, நத்தம் வழியாக நகரத்தார் காவடிகள் வரும் மரபு நானூறு ஆண்டுகளைக் கடந்தது. அரோகரா முழக்கம் கேட்காத தெரு அந்நாட்களில் எங்கள் ஊரில் இல்லை.

இங்கிருந்து பழநி ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அந்தத் தொலைவை 32 ஆண்டுகள் தவறாமல் நடந்து கடந்தவன் அடியேன். இந்த ஆண்டு அது வாய்க்கவில்லை. முழங்கால் மூட்டு தேய்ந்துவிட்டது என்றும், நெடுநடையும் படியேற்றமும் இனிக் கூடாது என்றும் மருத்துவர் சொல்லிவிட்டார். வாசல் திண்ணையில் அமர்ந்து, கடந்து செல்லும் காவடிகளைக் கைகூப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பின் வலியைவிட அந்தத் திண்ணைதான் அதிகம் வலித்தது. இவ்வரிகளைப் படிக்கும் என் வயதொத்த அன்பர்கள் பலருக்கு அது புரியும்.

பொழுதைப் போக்க ஒருநாள் சிலப்பதிகாரத்தை எடுத்தேன். காடுகாண் காதையில் கண் நின்றது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரைக்கு நடக்கிறார்கள். எதிர்ப்பட்ட மாங்காட்டு மறையவன் அவர்களுக்கு வழி சொல்கிறான். கொடும்பையின் நெடுங்குளத்தைக் கடந்தால், சிவபெருமான் ஏந்திய சூலம்போல் பாதை மூன்றாகப் பிரியும் என்கிறான். இடப்புற வழி திருமால் எழுந்தருளிய அழகர்மலையை ஒட்டியது. வலப்புற வழியிலோ பாண்டியனின் சிறுமலை தோன்றும். அதை வலமாகக் கொண்டு செல்லுங்கள் என்பது அவன் மொழி. அந்த மலையைச் சூழ்ந்து வளர்ந்தவையாக வாழை, கமுகு, தெங்கு, மா, பலா ஆகியவற்றை இளங்கோவடிகள் வரிசைப்படுத்துகிறார்.

புத்தகத்தை மூடிவிட்டு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். தென்கிழக்கே நீலமாக நின்றது அதே சிறுமலை. ஆண்டுதோறும் மேற்கே பழநியை நோக்கியே நடந்த எனக்கு, அம்மலை வாழ்நாளெல்லாம் முதுகுப்புறமாகவே இருந்துவிட்டது! "பழநிக்குத்தான் போக முடியவில்லை, இந்த மலைக்காவது போய்வருகிறேன்" என்றேன் இல்லாளிடம். "முடிந்தவரை நடங்கள். முடியாத இடத்தில் உட்கார்ந்துவிடுங்கள்" என்று சொல்லி, துணைக்கு என் தங்கை மகனையும் அனுப்பிவைத்தாள்.

பதினெட்டு வளைவுகளுக்கு அப்பால்

விடியற்காலையில் அபிராமி அம்மையைத் தரிசித்துவிட்டுப் பேருந்து ஏறினோம். நத்தம் சாலையிலிருந்து பிரிந்து, வனத்துறைச் சோதனைச் சாவடியைக் கடந்ததும் மலைப்பாதை தொடங்குகிறது. 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் கீழே திண்டுக்கல் சமவெளி சிறுத்துக்கொண்டே போயிற்று. நகரின் நடுவே திண்டைப் போலக் கிடக்கும் மலைக்கோட்டைப் பாறை, ஒரு கட்டத்தில் கையால் எடுத்துவிடலாம் போலத் தெரிந்தது. பிறகு மூடுபனி வந்து எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

இம்மலை தோன்றியது பற்றி இங்குள்ளோர் சொல்லும் கதை இனிமையானது. இலக்குவனை உயிர்ப்பிக்கச் சஞ்சீவி மலையைத் தாங்கிச் சென்ற அனுமனின் கையிலிருந்து உதிர்ந்த சிறு துண்டே சிறுமலையாயிற்று என்பார்கள். மூலிகைகள் நிறைந்த மலை என்ற புகழுக்கு அந்தக் கதையே வேர்.

அகஸ்தியர்புரத்தில் இறங்கினோம். இதை அடுத்து உயர்ந்து நிற்பது வெள்ளிமலை. அதன் உச்சியில் சிவலிங்கத் திருமேனி இருக்கிறது. ஒரு காலத்தில் இம்மலை முழுவதும் வெள்ளியாகவே இருந்ததாம். கலியுகத்தில் மனிதர்கள் ஆசையால் மலையையே வெட்டி எடுத்துவிடுவார்களே என்று அகத்தியர் கவலையுற, அது கல்லாக மாற்றப்பட்டது என்பது தல வழக்கு. பேராசையிடமிருந்து ஒரு மலையைக் காப்பாற்ற அதைக் கல்லாக்க வேண்டியிருந்தது என்பதை நினைக்க நினைக்க மனம் கனத்தது.

மருத்துவர் சொன்னது நினைவில் இருந்தும், ஆசை விடவில்லை. ஊன்றுகோலோடு ஏறத் தொடங்கினேன். ஈரப் பாறைகளும் வேர்களும் பின்னிய பாதை அது. சிறிது தூரம் சென்றதும் வலது முழங்கால் மறுத்துவிட்டது. இன்னும் நாலு அடி, இன்னும் நாலு அடி என்று மனம் கெஞ்சியது. இல்லாள் சொன்ன சொல் நினைவுக்கு வர, ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன். "நீ போய் எனக்கும் சேர்த்துக் கும்பிட்டு வா" என்று தங்கை மகனை மேலே அனுப்பினேன். அவன் பனிக்குள் மறைந்த பிறகு, அங்கே யாருமில்லை என்ற துணிவில் கண்ணீர் விட்டேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பள்ளத்தாக்கின் ஒற்றையடிப் பாதை

யாருமில்லை என்று நினைத்தது தவறு. தலையில் முண்டாசும் கையில் அரிவாளுமாக மலைவிவசாயி ஒருவர் வந்துகொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். செய்தியைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"மேல ஏற முடியலேன்னா என்னங்கய்யா? பள்ளத்துப் பாதை சமதளமாத்தான் இருக்கும். மெதுவா என்கூட வாங்க. தம்பி திரும்பி வர நேரமாகும்" என்றார்.

நடந்தோம். நகரத்துச் செவிகளுக்கு முதலில் அங்கே ஒன்றுமே கேட்கவில்லை. சற்றுப் பொறுத்த பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டது: இலைநுனியிலிருந்து சொட்டும் பனி, எங்கோ ஒரு பறவை, பாறை இடுக்கில் நீர் கசியும் ஓசை. காபிச் செடிகளுக்கு மேலே பலா நின்றது. மரத்தைத் தழுவி மிளகுக் கொடி ஏறியிருந்தது. எலுமிச்சை மணம் வீசியது. வழியில் வாழைத்தார்களைச் சுமந்து இரண்டு குதிரைகள் மணியோசையுடன் எதிரே வந்தன. வண்டி போக முடியாத தோட்டங்களிலிருந்து விளைபொருளைச் சாலைக்குக் கொண்டுவர இம்மலையில் இன்றும் குதிரைகள்தான் துணை. வாழையையும் பலாவையும் கண்டதும் இளங்கோவடிகளின் வரிசை நினைவுக்கு வந்தது. எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட பட்டியல் கண்முன்னே காய்த்துக்கொண்டிருந்தது.

அந்த நீர்க்கசிவையும் குறைவாக எண்ணிவிடலாகாது. இந்த மலையில் பிறக்கும் சந்தானவர்த்தினி குடகனாற்றில் சேர்கிறது. குடகனாறு அமராவதியிலும், அமராவதி காவிரியிலும் கலக்கின்றன. அந்தக் குடகனாற்றங்கரையில்தான் தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார்.

முருகனுக்குரிய கனி

பெரியவரின் தோட்டம் வந்தது. மலைவாழை நீர் பாய்ச்சி வளர்ப்பதல்ல. மழையை நம்பி, மரநிழலில், தாய்மரத்தின் அடியில் கன்று, கன்றின் அடியில் கன்று என்று தலைமுறையாக நிற்பது. விருப்பாட்சி, சிறுமலை என்னும் இரண்டு மலைவாழைகளும் புவிசார் குறியீடு பெற்றவை. பழநியாண்டவரின் பஞ்சாமிர்தத்திற்கு விருப்பாட்சிப் பழமே சிறப்பு. அதில் நீர்ச்சத்து குறைவு; ஆகவே வெல்லமும் நெய்யும் தேனும் ஏலமும் சேர்ந்த பின் நெடுநாள் கெடாமல் நிற்கிறது. அந்தப் பஞ்சாமிர்தத்திற்கும் 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்ததை அன்பர்கள் அறிவார்கள்.

ஆனால் இந்தக் கனி ஏறக்குறைய இல்லாமலே போகவிருந்தது என்பதை நான் அன்றுதான் உணர்ந்தேன். 1970-களுக்குப் பிறகு முடிக்கொத்து நோய் இம்மலைத் தொடர்களின் வாழைத் தோப்புகளைச் சூறையாடியது. நோய் கண்ட மரத்தின் இலைகள் குறுகி, உச்சியில் கொத்தாக நின்றுவிடும், குலை தள்ளாது. அசுவினிப் பூச்சியாலும் நோயுற்ற கன்றுகளாலும் பரவும் இந்நோய்க்கு மருந்து கிடையாது. மரத்தைக் கிழங்கோடு பெயர்த்து அழிப்பதுதான் வழி.

"எங்கப்பா கையாலேயே தோப்பு முச்சூடும் பிடுங்கிப் போட்டாருங்கய்யா. பெத்த புள்ளையப் பொதைக்கிற மாதிரி அழுதாரு. காப்பி வச்சுப் பொழச்சோம். ஆனா ஓடைக்கு அந்தப் பக்கம் தனியா நின்ன ஒரு அடி வாழையில சீக்கு வரல. அதுல வர்ற மொதத் தாரைச் சாமிக்குன்னு ஒதுக்கி வச்சாரு. விக்கவே மாட்டாரு. பொறவு ஆராய்ச்சிக்காரங்க நோயில்லாத கன்னு குடுத்தாங்க. இப்போ இது ரெண்டாவது தோப்பு" என்றார் பெரியவர்.

பழநி மலையின் கீழ்ப்பகுதியில் தடியன்குடிசையில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் மலைவாழையை மீட்கப் பாடுபட்டதைப் படித்திருக்கிறேன். திசு வளர்ப்பு முறையில் நோயற்ற கன்றுகளை உருவாக்கினார்கள். படித்த செய்திக்கு இப்போது ஒரு முகம் கிடைத்தது.

நானும் 32 ஆண்டுகள் மலைமேல் ஏறிப் பஞ்சாமிர்தத்தைக் கையேந்தி வாங்கி நாவில் வைத்தவன்தான். அந்த இனிப்புக்குப் பின்னே ஒரு தந்தையின் கண்ணீரும், ஒதுக்கிவைத்த ஒற்றைத் தாரும் இருக்கக்கூடும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. உச்சியையே பார்த்து நடப்பவனுக்கு மலையின் மடி தெரிவதில்லை. என் மூட்டு என்னை அன்று தடுத்திராவிட்டால் இந்தத் தோப்பை நான் கண்டிருக்கவே மாட்டேன்.

புறப்படும்போது பெரியவர் ஒரு தாரிலிருந்து இரண்டு சீப்புகளை அரிந்து கொடுத்தார். காசு நீட்டினேன், கையைத் தள்ளிவிட்டார். "சாமிக்குப் போறதுக்கு எதுக்குங்க காசு? பொழுது சாயறதுக்குள்ள கெளம்பிடுங்க. காட்டுமாடு நடமாடும்" என்றார்.

இறங்கி வந்த அம்மை

மாலையில் மீண்டும் அபிராமி அம்மையின் சந்நிதி. ஒரு சீப்பை அர்ச்சனைத் தட்டில் வைத்தேன். தீபாராதனையின்போது பழைய செய்தி ஒன்று புதிதாக நெஞ்சில் தைத்தது. அம்மை ஆதியில் மலைக்கோட்டையின் மேல் இருந்தவள் என்பதும், பின்னர் நகருக்குள் எழுந்தருளினாள் என்பதும் இவ்வூரார் வழிவழியாகச் சொல்வது. அதற்குச் சரித்திரக் காரணங்கள் எவையாயினும் ஆகுக. ஏற இயலாதவர்களுக்காக இறங்கி வந்தவள் என்றே அன்று எனக்குத் தோன்றியது. பத்மகிரி எனப்படும் அந்தப் பாறை மலையை இன்றும் பௌர்ணமிதோறும் அன்பர்கள் கிரிவலம் வருகிறார்கள். அதற்குப் படி ஏற வேண்டியதில்லை. அவரவர் கால்கள் அனுமதிக்கும் வேகம் போதும். கோவலனுக்கும் கண்ணகிக்கும் மறையவன் சொன்னதும் மலையேறும் வழி அல்லவே! மலையை வலமாகக் கொண்டு செல்லும் வழிதானே!

கோயிலை விட்டு வெளியே வந்தபோது, வெறுங்காலோடு ஓர் இளைஞர் கூட்டம் பழநி நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கடைசியாகக் காலை இழுத்து இழுத்து நடந்த ஒரு பையனை நிறுத்தி, மீதமிருந்த சீப்பை அவன் கையில் கொடுத்தேன்.

"தம்பி, இதை ஆண்டவன் சந்நிதியில் சேர்த்துவிடுவாயா?"

"கண்டிப்பா சேத்துடறேன் தாத்தா. யார் பேருக்கு?"

என் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு, "சிறுமலை என்று சொல், போதும்" என்றேன். அவன் பழத்தைத் தோள்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு நடந்தான். அந்த ஆண்டும் என் யாத்திரை பழநிக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்பர்களுக்கு: சிறுமலை திண்டுக்கல்லிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து பேருந்து உண்டு. காலையில் சென்று, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவது நலம். வெள்ளிமலை ஏற விரும்புவோர் வனத்துறையினரிடம் கேட்டறிந்து, துணையோடு செல்லவும். மலைக்குப் பிளாஸ்டிக் பொருட்களைக் கொண்டுசெல்ல வேண்டாம். மூட்டுவலி உள்ளவர்கள் வருந்த வேண்டாம். பள்ளத்தாக்கின் பாதை அவர்களுக்காகவே காத்திருக்கிறது.