பிளக்கைச் சொருகுவதற்கு முன்

பழைய வால்வு ரேடியோ ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் செய்கிற காரியம் ஒன்றுதான். ஒயரைப் பிளக்கில் சொருகி, பாடுகிறதா என்று பார்ப்பார்கள். பரணில் பத்திரமாகக் கிடந்த எத்தனையோ செட்டுகள் அந்தச் சில நிமிடங்களில் செத்துப்போகின்றன.

வால்வு முரட்டுச் சாமான். கண்ணாடி உடையாமல், உள்ளே காற்றுப் புகாமல் இருந்தால் அறுபது வருடம் கழித்தும் வேலை செய்யும். கெட்டுப்போவது கண்டென்சர்கள்தான். அந்தக் காலத்துக் கண்டென்சர், காகிதத்தையும் மெல்லிய உலோகத் தகட்டையும் சேர்த்துச் சுருட்டி, மெழுகில் தோய்த்துச் செய்தது. வருடக்கணக்கில் ஈரம் ஏறிய காகிதம், தடுக்க வேண்டிய மின்சாரத்தைக் கசிய விடும்.

அதில் செட்டையே கொல்லும் இடம் ஒன்று உண்டு. ஸ்பீக்கரை ஓட்டும் கடைசி வால்வு பல செட்டுகளில் இ.எல்.84. அதன் கிரிட்டுக்கு முன்னால் சிறிய கண்டென்சர் ஒன்று இருக்கும். முந்தைய வால்வின் உயர் மின்னழுத்தம் கிரிட்டை எட்டாமல் மறிப்பது அதன் வேலை. அது கசிந்தால் வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும், உள்ளே தகடு சிவக்கும், கூடவே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் எரியும். ரேடியோ நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும்போதே இதெல்லாம் நடக்கும் என்பதுதான் கொடுமை. அதனால் அந்தக் கண்டென்சரை நான் சோதித்துக்கூடப் பார்ப்பதில்லை, முதலில் அதைத்தான் மாற்றுகிறேன்.

பிறகும் நேரடியாகக் கரண்ட் கொடுப்பதில்லை. சீரீஸில் ஒரு குண்டு பல்பு போட்டுக் கொடுப்பேன். பல்பு பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். எரிந்து மெல்ல மங்கினால் நிம்மதி.

மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏ.சி./டி.சி. செட்டுகளிடம் தனி மரியாதை வேண்டும். யு.சி.எல்.82, யு.ஒய்.85 என்று ‘யு’வில் தொடங்கும் வால்வுகள் இருந்தால் அந்த ரகம். சேசிஸே மெயின்ஸ் ஒயரோடு சேர்ந்திருக்கும். குமிழின் திருகுக்கு மேல் மெழுகு அடைத்திருப்பது விரல் படாமல் காக்கத்தான். அதைச் சுரண்டி எடுத்தால், வேலை முடிந்ததும் மறுபடி அடைத்துவிட வேண்டும்.

எலக்ட்ரோலிடிக் கண்டென்சரின் அலுமினிய டப்பாவைத் தூக்கி எறிய எனக்கு மனம் வராது. குடைந்து காலி செய்து, புதியதை உள்ளே வைத்து மூடுவேன். மாற்றிய தேதியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உள்ளே போடுவேன். நாளை திறக்கப்போகிற மெக்கானிக் ஏமாறக் கூடாது.

இந்த ரேடியோக்கள் போஸ்ட் ஆபீசில் வருடா வருடம் லைசென்ஸ் கட்டிக் கேட்ட பெட்டிகள். இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்புக்காகவே இவற்றை வாங்கியவர்கள் உண்டு. ஐ.எஃப். டிரான்ஸ்ஃபார்மர்களை 455 கிலோஹெர்ட்ஸுக்குச் சரிபார்த்து, முள்ளை 720க்கு நகர்த்தும்போது மேஜிக் ஐயின் பச்சை விரிந்து, மீடியம் வேவில் சென்னை நிலையம் கணீரென்று வந்து நிற்கும். மரப்பெட்டியிலிருந்து வரும் அந்தக் குரலின் கனம் எந்தச் சின்ன ஸ்பீக்கரிலும் கிடையாது.

கேபினட்டை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே புளூடூத் போர்டு வைத்துத் தரச் சொல்பவர்களுக்கு நான் அதைச் செய்து தருவதில்லை. அப்படித்தான் வேண்டுமென்றால், கழற்றிய சேசிஸைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். பழுது பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். அதிலிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் கேங் கண்டென்சரும் இன்னொரு ரேடியோவைப் பாட வைக்கும்.