மைலோ டின்னை நசுக்கிய எஞ்சின்

பினாங்கின் ஜோர்ஜ்டவுனில், மகஸின் சாலையில் தொடங்கும் ஏழு தெருக்களில் ஒன்றில் பெரியப்பாவின் பட்டறை இருந்தது. வாசலில் அஞ்சடி நடைபாதை, உள்ளே இரண்டு கார் முட்டிக்கொண்டு நிற்கும் நீளக் கூடம், பின்னால் வானம் தெரியும் முற்றம். பக்கத்தில் ரேடியேட்டர் ஒட்டும் சீனக் கிழவர். பெரியப்பா தமிழில் திட்டுவார், ஹொக்கியனில் பேரம் பேசுவார், மலாயில் சமாதானம் சொல்வார். பள்ளி விடுமுறை விட்டால் அப்பா என்னை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார். எஞ்சினுக்குப் பின்னால் பெரியவர்கள் கை நுழையாத இடத்தில் என் கை நுழையும். அதுதான் என் தகுதி.

1980களின் கடைசி அது. பினாங்குப் பாலமும் புரோட்டோன் சாகாவும் 1985இல் ஒரே ஆண்டில் வந்தவை. சாகாவை ஓட்டிக்கொண்டு அன்றைய பிரதமர் மகாதீர் பாலத்தைக் கடந்த கதையைப் பெரியப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஆனால் பட்டறைக்கு வரும் இளவட்டங்களுக்குச் சாகா பிடிக்காது. அதை முன்சக்கரம் இழுக்கிறது என்பார்கள். அவர்களுக்குப் பின்சக்கரம் தள்ளும் டொயோட்டா கொரோலா டிஎக்ஸ்தான் வேண்டும். அதில் இருந்த 4கே எஞ்சின் வெறும் 1,290 சிசி. கம்பெனி போட்ட ஒற்றைக் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, இரண்டு வெபர் 40 டிசிஓஇ கார்புரேட்டர்களைப் பக்கவாட்டில் மாட்டுவார்கள். அதற்கென வார்த்த அலுமினிய மேனிஃபோல்ட் தனியாக விற்றது. பளபளவென்று அழகாகத்தான் இருக்கும். பானெட்டைத் திறந்துவைத்து அதைக் காட்டுவதற்காகவே காசு சேர்த்தவர்களும் உண்டு.

அப்படி ஒரு மலாய் வாலிபர், தானே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு ஒரு நாள் வந்தார். "அங்கிள், பிரேக் கெராஸ் லா," என்றார். தெலுக் பகாங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் மலைப்பாதையில், வளைவுக்கு வளைவு மிதித்ததில் பிரேக் கல்லாகிவிட்டதாம். முகத்தில் இன்னும் அந்தப் பயம் இருந்தது.

பெரியப்பா குனிந்து பார்த்தார், சிரித்தார். கம்பெனி மேனிஃபோல்டில் நாலு சிலிண்டரும் பொதுவாக மூச்சிழுக்கும் அறை ஒன்று உண்டு. எஞ்சின் இழுப்பில் உண்டாகும் வெற்றிடத்தை, அதாவது வேக்கத்தை, வைத்து மிதிக்கும் காலுக்கு உதவுவது பிரேக் பூஸ்டர். அதற்கான தடித்த ஹோஸ் அங்கிருந்து போகும். இந்தப் புது மேனிஃபோல்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனித் தொண்டை. பொது அறையே இல்லை. வாலிபர் ஒரு தொண்டையில் மட்டும் துளை போட்டு பூஸ்டர் ஹோஸைச் சொருகியிருந்தார். அந்தச் சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக்கில் ஒன்றில்தான் இழுக்கும். பூஸ்டர் மறுபடி தயாராவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். போதாக்குறைக்கு, மிதிக்கும்போதெல்லாம் அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் வெறுங்காற்று கூடுதலாகப் போகும்.

வாலிபரும் சும்மா இருக்கவில்லை. வேக்கத்தைச் சேமித்துவைக்க ஒரு டப்பா வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, காலி மைலோ டின்னில் இரண்டு குழாய் பற்றவைத்துக் கொண்டுவந்திருந்தார். "போட்டுத்தான் பார்ப்போமே," என்றார் பெரியப்பா. அவருக்கு விளைவு தெரியும். எனக்குக் காட்டத்தான் அந்த விளையாட்டு. எஞ்சின் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில் 'டப்' என்றொரு சத்தம். பச்சை டின் யாரும் தொடாமலே ஒரு பக்கம் உள்ளே குழிந்து நசுங்கியது. நான் கத்தியே விட்டேன்.

"தே ஐஸ் பொட்டலத்த உறிஞ்சினா பை ஒட்டிக்குதுல்ல? அதாண்டா இது," என்றார் பெரியப்பா. "எஞ்சின் டின்ன நசுக்கல. வெளியில இருக்கிற காத்துதான் நசுக்குது." பிறகு வேக்கம் மீட்டரை மாட்டிக் காட்டினார். கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 30 அங்குலப் பாதரசம். கம்பெனி மேனிஃபோல்டோடு ஒழுங்காக ஓடும் எஞ்சின், ஐடிலில் 18 முதல் 21 அங்குலம் காட்டும், முள் ஆடாது. இந்த வண்டியில் முள் கீழே நின்று துடித்துக்கொண்டிருந்தது. பள்ளியில் பாதரசக் குழாய்ப் படத்தை வரையச் சொன்னபோது, வகுப்பில் எனக்கு மட்டும் அது சத்தத்தோடு புரிந்தது.

சரிசெய்யும் வேலை மறுநாள் நடந்தது. மேனிஃபோல்டைக் கழற்றி மேசையில் வைத்துத்தான் துளையிடுவார். வண்டியிலேயே வைத்துத் துளைத்தால் அலுமினியத் துருவல் வால்வுக்குள் போய்விடும். துளைக்கு மரை வெட்டும் டேப்பில் கிரீஸ் பூசச் சொல்வார். துருவல் அதில் ஒட்டிக்கொள்ளும். நாலு தொண்டையிலும் நாலு பித்தளை நிப்பிள், மரையில் வெள்ளை டேப். நாலிலிருந்தும் ஒரே நீளத்தில் நாலு மெல்லிய ஹோஸ். அவை நாலும் ஒரு கனத்த பித்தளைக் குழாயில் போய்ச் சேரும். நாலு பேர் மாறிமாறி இழுப்பது அங்கே ஒரே இழுப்பாகிவிடும். அந்தக் குழாயிலிருந்து பூஸ்டருக்கு ஒரு தடித்த ஹோஸ், நடுவில் ஒருவழி வால்வு. வால்வை வாயில் வைத்து ஊதிப் பார்த்துத் திசை சொல்வது என் பொறுப்பு. காற்று பூஸ்டரிலிருந்து எஞ்சின் பக்கம்தான் போகவேண்டும், திரும்பி வரக்கூடாது. பெட்ரோல் நாற்றம் நாக்கில் சாயங்காலம்வரை இருக்கும்.

ஹோஸ் விஷயத்தில் பெரியப்பா கறார். மீன் தொட்டிக்குப் போடும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைச் சிலர் மாட்டிக்கொண்டு வருவார்கள். பிடுங்கிக் குப்பையில் எறிவார். 4கே எஞ்சினில் காற்று உள்ளே போவதும் புகை வெளியே வருவதும் ஒரே பக்கம். புகைக்குழாய்ச் சூட்டில் அது மஞ்சளாகி முறுக்காய் உடையும். தோட்டத்து ரப்பர் குழாயோ உறிஞ்சலில் தட்டையாகிவிடும். நுனியைப் புது பிளேடால் நேராக வெட்டவேண்டும். கோணலாக வெட்டியதை மறுபடி வெட்டச் சொல்வார். கடைசியாக, ஒரு முழக் குழாயைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு மூட்டாகக் கொண்டுபோகவேண்டும். எங்கே 'உஸ்' கேட்கிறதோ அங்கே கசிவு.

சோதனை ஓட்டத்துக்கு அதே மலைப்பாதைக்குப் போனோம். வாலிபர் ஓட்ட, பெரியப்பா பக்கத்தில், நான் பின்னால். இறக்கத்தில் "மிதி, விடு, மறுபடி மிதி" என்று பெரியப்பா சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு முறையும் பிரேக் மிருதுவாக இறங்கியது. பாலிக் புலாவில் லக்சா வாங்கிக் கொடுத்தது வாலிபர்தான். வண்டியின் வேகம் பற்றி அன்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

2000 தொடக்கத்தோடு ஜோர்ஜ்டவுனில் பழைய கடைவீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு நீங்கியது. புது வாடகைக்குப் பட்டறை தாங்கவில்லை, பெரியப்பா மூடிவிட்டார். என்னைக் கேட்டால், அந்த ஊர் கண்ட நல்ல போர்மேன்களில் அவர் ஒருவர். இரட்டைக் கார்புரேட்டர் மாட்டிக் கொடுக்க ஆள் நிறைய இருந்தார்கள். அந்த நாலு மெல்லிய குழாய்க்கு ஒரு நாள் முழுக்கச் செலவழித்தவர்கள் குறைவு.

பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, பிரேக்கைக் கல்லாகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். காலை எடுக்காமல் எஞ்சினைக் கிளப்புங்கள். பிரேக் பெடல் சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் முதலில் அந்த ஹோஸையும் ஒருவழி வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மலைப்பாதைக்குப் போகலாம்.