மூன்று பெட்டிகளும் இரண்டு காதுகளும்

தேம்ப்ர் என்று ஒரு பிரெஞ்சுச் சொல். எங்கள் காலத்தில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு அது முதலில் தபால் தலை. அரசாங்க வேலைக்கு வந்த பிறகு, ரசீதில் ஒட்டும் ரெவின்யூ ஸ்டாம்பும் அதே சொல்தான் என்று தெரிந்துகொண்டோம். மூன்றாவதாக ஓர் அர்த்தம் உண்டு. ஒரே சுருதியில், ஒரே அளவு சத்தத்தில் வயலினும் புல்லாங்குழலும் ஒலித்தாலும், இது வயலின், அது குழல் என்று காது கண்டுபிடித்துவிடுகிறது அல்லவா? அந்தக் குணத்துக்கும் தேம்ப்ர் என்றுதான் பெயர். தமிழில் நாதத்தின் நிறம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

வாத்தியத்துக்கு நிறம் இருப்பது சரி. பாட்டைப் போடுகிற பெட்டிக்கும் ஒரு நிறம் உண்டா? இந்தக் கேள்வியை எழுத வைத்தவர் என்னோடு கருவூலத்தில் பல வருஷம் வேலை பார்த்த நண்பர். இருவரும் பென்ஷன் வாங்க ஆரம்பித்துப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர் வீட்டில் நல்ல ஆம்ப்ளிஃபயர், ஆள் உயர ஸ்பீக்கர்கள், அலமாரி நிறைய சி.டி. எல்லாம் உண்டு. "சார், பாட்டு முன்ன மாதிரி இல்ல. குரல் இருக்கு, சாகித்யம் காதுல விழ மாட்டேங்குது" என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எதையெதையோ படித்துவிட்டு, குறை 'டேக்'கில்தான் என்று முடிவும் கட்டிவிட்டார். ஃபிக்ஸட் டெபாசிட் ஒன்று முதிர்கிறது, ஐந்து லட்சம், அதை அப்படியே போட்டு உயர்ரக டேக் ஒன்று வாங்கப் போகிறாராம். வீட்டு அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. மாடித் தளம் ஒழுகுகிறது, அதற்காக வைத்திருந்த பணம் அது என்பது எனக்குத் தெரியும்.

"நீங்கதான் பிரான்சுக்குப் போய் எல்லாத்தையும் கேட்டுட்டு வந்தீங்களே, எது நல்லது, சொல்லுங்க சார்" என்றார்.

டேக் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காக இரண்டு வார்த்தை. டிஜிட்டல் டு அனலாக் கன்வெர்ட்டர் என்பதன் சுருக்கம் அது. சி.டி.யில் இருப்பது பாட்டு அல்ல, எண்கள். ஒரு விநாடிக்கு 44,100 முறை ஒலியின் உயரத்தை அளந்து எழுதி வைத்த பேரேடு. ஒவ்வொரு அளவும் 65,536 படிகளில் ஏதாவது ஒன்றாக இருக்கும். அந்தப் பேரேட்டைப் படித்து மறுபடியும் மின் அலையாக மாற்றுவதுதான் டேக்கின் வேலை. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் செல்போனிலும் ஒன்று இருக்கிறது. சில நூறு ரூபாய் அடாப்டரிலும் இருக்கிறது. பத்து லட்சத்தைத் தாண்டும் அலுமினியப் பெட்டியிலும் இருக்கிறது.

எந்த அலையையும் சின்னச் சின்ன ஒழுங்கான அலைகளாகப் பிரித்து எழுதலாம் என்று இதற்கெல்லாம் அடித்தளம் போட்டவர் ஜோசஃப் ஃபூரியே. 1807-ல் வெப்பம் பற்றிய கட்டுரையில் அதைச் சொன்னபோது அவர் கிரெனோபிள் நகரில் பிரெஃபே, நம் ஊர் கணக்கில் கலெக்டர். பகலில் ஃபைல், ராத்திரியில் கணிதம். அரசாங்க வேலையில் இருந்துகொண்டு உருப்படியாக ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்பவர்களுக்கு நான் இவரைத்தான் காட்டுவேன்.

பேரேட்டில் புள்ளிகள் மட்டும்தான் உண்டு. இரண்டு புள்ளிக்கு நடுவில் கோட்டை எப்படிப் போடுவது என்பதில்தான் ஆளுக்கு ஒரு வழி. சண்டை ஆரம்பத்திலேயே தொடங்கிவிட்டது. 1982 அக்டோபரில் சோனி தன் முதல் சி.டி. பிளேயரை ஜப்பானில் விற்பனைக்கு விட்டபோது அதில் 16 பிட் சில்லு. பிலிப்ஸ் கையில் இருந்ததோ 14 பிட். ஆனால் இரண்டு புள்ளிக்கு நடுவே கணக்குப் போட்டுக் கூடுதல் புள்ளிகளை நுழைத்து, வேகத்தை நான்கு மடங்காக்கி, 16 பிட்டுக்கு ஈடாக வேலை வாங்கினார்கள். கையிருப்பு குறைவாக இருந்தாலும் கணக்குத் தெரிந்தவன் சமாளித்துவிடுவான்.

இனி பிரான்சுக் கதை. என் அக்கா மகன் பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறான். சொல்தா குடும்பம். சம்பளத்தில் பாதி பாட்டுப் பெட்டிகளுக்கே போகிறது என்று அவன் மனைவிக்குக் குறை. நான் அங்கே இரண்டு மாதம் தங்கியிருந்தபோது ஒரு சனி, ஞாயிறில் மூன்று பெட்டிகள் ஒரே மேசையில் சேர்ந்தன. ஒன்று அவனுடையது, மற்ற இரண்டும் அவன் சிநேகிதர்கள் தூக்கிக்கொண்டு வந்தவை.

முதலாவது, இங்கிலாந்தின் சோர்ட் கம்பெனி 2015-ல் கொண்டுவந்த டேவ். வடிவமைத்தவர் ராப் வாட்ஸ். கடையில் கிடைக்கும் டேக் சில்லை வாங்கிப் போடாமல், சொந்தக் கணக்கையே ஒரு சில்லில் எழுதிவைத்திருக்கிறார். புள்ளிகளுக்கு நடுவே கோடு போடும்போது பக்கத்துப் புள்ளிகள் சிலவற்றை மட்டும் பார்க்காமல், முன்னும் பின்னும் வெகு தூரம் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை கொடுத்துக் கணக்கிடுகிறது. இந்தப் பெட்டியில் அந்த எடைகள் மட்டும் 1,64,000. மிருதங்கத்தில் விரல் விழும் அந்தக் கணம் சரியாக வர வேண்டுமென்றால் இவ்வளவு நீளம் தேவை என்பது அவர் வாதம்.

இரண்டாவது, கேம்பிரிட்ஜில் இருக்கும் டி.சி.எஸ். கம்பெனியின் பார்டாக். இதன் உள்ளே இருக்கும் 'ரிங் டேக்' முறை எனக்கு உடனே பிடிபட்டது, ஏனென்றால் அது கருவூலக் கணக்கு. ஒரே மாதிரி பில்லை எப்போதும் ஒரே கிளார்க்கிடம் கொடுத்தால், அவர் செய்யும் பிழை எப்போதும் ஒரே இடத்தில் சேர்ந்து பூதாகரமாகத் தெரியும். ஆளை மாற்றி மாற்றிக் கொடுத்தால் பிழைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிப் போகும். இந்தப் பெட்டியிலும் சம மதிப்புள்ள பல உறுப்புகள் உண்டு. ஒவ்வொரு முறையும் வேறு வேறு உறுப்புகளைக் கூப்பிட்டு வேலை வாங்குகிறது. அவற்றில் உள்ள நுண்ணிய குறைகள் இசையோடு ஒட்டிக்கொள்ளாமல், காதுக்கு எட்டாத மெல்லிய இரைச்சலாகக் கரைந்துவிடும்.

மூன்றாவது, சீனாவின் ஹோலோ ஆடியோ செய்யும் மே. மின்சாரத்துக்கு ஒரு பெட்டி, வேலைக்கு ஒரு பெட்டி என்று இரட்டை. விலை மற்ற இரண்டில் பாதிக்கும் கீழே. நண்பர் கண் வைத்திருந்ததும் இதன் மேல்தான். இது ரெசிஸ்டர்களை ஏணி மாதிரி அடுக்கும் பழைய முறை. பழையது என்பதால் சுலபம் என்று நினைக்க வேண்டாம். 16 பிட்டுக்கே ஏணியின் முதல் படி சுமார் 0.0015 சதவீதத்துக்குள் துல்லியமாக இருந்தாக வேண்டும். கடைகளில் கிடைக்கும் நல்ல ரெசிஸ்டரே 0.01 சதவீதம்தான். அதனால் பிழையை அளந்து திருத்தும் வேலையையும் சேர்த்தே செய்கிறார்கள். மேயில் இன்னொரு சௌகரியம் உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் நடுவே புள்ளி எதையும் சேர்க்காமல் படிக்கட்டு போலவே அலையை வெளியே விடும். 'நாஸ்' என்பார்கள். இன்னொரு முறை அழுத்தினால் புள்ளி சேர்த்து வரும்.

முதல் நாள் மூவரும் பேசினார்கள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். டேவ் கண்ணாடி மாதிரி, வாத்தியங்கள் தனித்தனியாக நிற்கின்றன. பார்டாக் பட்டு மாதிரி, ஒரு பெரிய மனுஷத்தனம் இருக்கிறது. மே நாஸில் வெதுவெதுப்பு, உடம்பு இருக்கிறது. எம்.டி. ராமநாதனைப் போட்டார்கள், பியேர் ஃபூர்னியே வாசித்த பாக் செல்லோவைப் போட்டார்கள். கடைசியில் நான் கேட்டு, வெறும் தம்புராவை மட்டும் ஐந்து நிமிஷம் போட்டார்கள். பெட்டியைச் சோதிக்கத் தம்புராவை விட நல்லது கிடையாது. நாலே தந்தி, ஆனால் ஜீவாவிலிருந்து கிளம்பும் மேல் ஸ்வரங்கள் எத்தனை! எனக்கும் அவர்கள் சொன்னபடியேதான் கேட்டது.

மறுநாள் நான் ஒன்று கேட்டேன். மூன்றும் ஒரே சத்தத்தில்தான் பாடுகின்றனவா? கணக்கு நேர் செய்யாமல் எந்தத் தொகையையும் ஒப்பிடக் கூடாது என்பது என் தொழில் பழக்கம். ஒரு பெட்டி 2 வோல்ட்டும் இன்னொன்று 2.5 வோல்ட்டும் கொடுத்தால், இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட 2 டெசிபல் வித்தியாசம். கால் டெசிபல் கூடினாலே நம் மனசு அதைச் சத்தம் என்று சொல்லாது, 'தெளிவு' என்று சொல்லும். அக்கா மகன் முணுமுணுத்துக்கொண்டே மல்டிமீட்டரை எடுத்தான். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு ஸ்பீக்கர் முனையில் அளந்தான். மேயில் வால்யூம் இல்லை, மற்ற இரண்டிலும் உண்டு. ஆகவே மேயை அளவுகோலாக வைத்து மற்ற இரண்டையும் அதற்குச் சமம் செய்தான். பெட்டிகள் மேல் ஒரு துண்டைப் போர்த்தினோம். எது ஓடுகிறது என்பது ஸ்விட்சைத் திருப்புகிற அவன் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். (இந்த வேலையை அவள் மிகவும் சந்தோஷமாகச் செய்தாள்.)

டேவா, பார்டாக்கா என்று பத்துமுறை கேட்டதில் எனக்கு ஐந்து சரி. காசைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவு வரும். வந்திருந்த சிநேகிதர்களில் ஒருவருக்கு ஆறு, இன்னொருவருக்கு நான்கு. கண்ணாடியும் பட்டும் துண்டுக்குக் கீழேயே தங்கிவிட்டன. அடுத்து மேயை நாஸிலும் மற்ற முறையிலும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். எனக்கு மறுபடியும் ஐந்து. பக்கத்து அறையில் பாடம் படித்துக்கொண்டிருந்த பதினேழு வயதுப் பேத்தியைக் கூப்பிட்டோம். அவளுக்குப் பத்துக்கு ஒன்பது!

"எப்படிம்மா?" என்றேன்.

"ஒண்ணுல தம்புராவுக்கு மேல பனி மாதிரி ஏதோ இருக்கு தாத்தா, இன்னொண்ணுல அது கம்மி" என்றாள்.

அவள் சொன்னதற்குக் கணக்கு உண்டு. படிக்கட்டு அலையைத் திருத்தாமல் விட்டால் உச்ச ஸ்தாயி கொஞ்சம் தேயும். 44,100 வேகத்தில் 20,000 ஹெர்ட்ஸில் 3 டெசிபலுக்குச் சற்று மேல், 10,000-ல் முக்கால் டெசிபல், 5,000-ல் அரைக்கால் டெசிபலும் கொஞ்சமும். வெதுவெதுப்பு என்று முதல் நாள் சொன்னார்களே, அதில் பெரும் பங்கு இதுதான் என்பது என் அபிப்பிராயம். அந்தத் தேய்மானம் இருக்கும் இடத்துக்கு என் வயதுக் காது போவதே இல்லை. இல்லாத ஊருக்கு டிக்கெட் வாங்க முடியுமா?

அக்கா மகன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "மாமா, பத்து நிமிஷத்துல தெரியாது. ஒரு மாசம் அதோட வாழணும். அப்பதான் எது அலுக்குது, எது அலுக்கலன்னு தெரியும்" என்றான். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவன் சொந்தச் சம்பாத்தியம், அவன் ஆசை, பெட்டியும் அழகாகத்தான் இருக்கிறது. நான் மேலே பேசவில்லை.

நண்பரிடம் பேசாமல் இருக்க முடியவில்லை. சாகித்யம் விழவில்லை என்கிறாரே, அதுதான் என்னை உறுத்தியது. ச, த, க என்று சொற்களைப் பிரித்துக் காட்டும் மெய்யெழுத்துச் சத்தங்கள் மேலேதான் இருக்கின்றன, ஏறக்குறைய 2,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை. வயதானால் காது முதலில் கைவிடுவதும் மேல் பக்கத்தைத்தான். குரலின் தடிமன் கேட்கும், சொல் கேட்காது. நல்ல டேக்குகளுக்கு நடுவே அந்த இடத்தில் இருப்பது ஒரு டெசிபலில் சிறு பின்னம். "முதல்ல காது டாக்டரைப் பாருங்க சார், அப்புறம் பெட்டி" என்றேன். "எனக்குக் காது கேக்கலன்னு சொல்றீங்களா?" என்று எழுந்து போனவர்தான். இரண்டு வாரம் கடற்கரைச் சாலைக்கு நடக்க வரவில்லை. போன் செய்தாலும் எடுக்கவில்லை. எடுத்தாலும் கேட்டிருக்குமோ என்னவோ.

கடைசியில் அவர் மகள் அழைத்துப் போயிருக்கிறாள். ஆடியோகிராம் காகிதத்தை அவரே கொண்டுவந்து காட்டினார். 500 ஹெர்ட்ஸில் பாதகமில்லை. 4,000-ல் கோடு 60 டெசிபலுக்கு இறங்கியிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு காதுக்கும் கருவி வாங்கியாயிற்று. ஒரு லட்சத்துக்கு மேல் ஆயிற்று. அந்தச் சின்னக் கருவிக்குள்ளும் இதே வேலைதான் நடக்கிறது, ஒலியை எண்ணாக்கி, திருத்தி, மறுபடியும் ஒலியாக்குவது. முதல் பத்து நாள் திட்டித் தீர்த்துவிட்டார். குக்கர் விசில் ஊசி மாதிரி குத்துகிறது, எவர்சில்வர் தட்டு வைத்தால் இடி விழுகிறது, தம்புரா தகர டப்பாவில் வண்டு மாதிரி கேட்கிறது என்று. பேச்சுக்காகச் சின்னச் சத்தத்தைத் தூக்கி, பெரிய சத்தத்தை அமுக்கும் அமைப்பு அது. இசைக்கு வேறு அமைப்பு உண்டு, கேட்டு வாங்குங்கள் என்று திருப்பி அனுப்பினேன். அதைப் போட்டுக்கொடுத்த பிறகு மதுரை மணி ஐயரை முழுக் கச்சேரி கேட்டாராம். டேப் இரைச்சல்கூடக் கேட்கிறது என்று பெருமையாகச் சொன்னார்.

போன வாரம் நடக்கும்போது மெதுவாக ஆரம்பித்தார். "சார், இப்ப காது சரியாயிடுச்சே. இப்ப அந்த மே வாங்கினா வித்தியாசம் தெரியும்ல?"

மாடித் தளம் போட்டாயிற்றா என்று கேட்டேன். மேஸ்திரி திங்கட்கிழமை வருகிறாராம்.