கல்லறையால் பெயர் பெற்ற பல்லாவரம் கல்

கும்மிடிப்பூண்டி உருக்காலைக் கசடைப் பார்த்திருக்கிறீர்களா? சட்டென ஆறிய துண்டு கண்ணாடி போல மின்னும். பூமியின் பாறைக் குழம்பும் அப்படித்தான். வெளியே வந்து சீக்கிரம் ஆறினால் பசால்ட் போலப் பொடிமணி. உள்ளேயே நிதானமாக ஆறினால் கிரானைட் போலப் பெருமணி.

அங்கிருந்து மின்சார ரயிலில் சென்னை வந்து, வண்டி மாறிப் பல்லாவரத்தில் இறங்கினால் ஒரு வம்புக் கல் இருக்கிறது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பதும் இந்த வகைதான். 1893-ல் அதை ஆராய்ந்தவர் தாமஸ் ஹாலண்ட். அதனால் பெயர் சார்னோக்கைட். குழம்பு ஆறிப் பிறந்ததா, ஆழத்து வெப்பத்தில் உருமாறியதா? நூறாண்டு தாண்டியும் சண்டை ஓயவில்லை. அதற்குள் குன்றை ஜல்லியாக்கிவிட்டோம். குவாரிப் பள்ளங்களில் தண்ணீர் நிற்கிறது. பக்கத்துப் பரங்கிமலையில் இதே பாறை தேசியப் புவியியல் சின்னம். போனால் வெயிலில் உற்றுப் பாருங்கள், எண்ணெய் தடவியது போல மினுங்கும்.