ரிக் வண்டியும் ரசமட்டமும்

சங்ககிரியைத் தாண்டித் திருச்செங்கோட்டை நெருங்கும்போதே தெரிந்துவிடும். சாலையோரத்தில் நிற்கும் லாரிகளின் முதுகில் நீளமான இரும்புக் கோபுரம் ஒன்று படுத்துக்கிடக்கும். அதன் நுனி கேபினையும் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் அவை. மத்தியப் பிரதேசத்திலோ தெலங்கானாவிலோ ஒரு கிராமத்து மேட்டில் இப்படி ஒரு வண்டியைப் பார்த்தால் நம்பர் பிளேட்டைக் கவனியுங்கள். டி.என். 34 என்று இருந்தால் அது திருச்செங்கோட்டுக்காரர் வண்டி.

இப்படிப் பெரிய லாரியைப் பார்த்தாலே ராணுவ வண்டிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளை ஏலத்தில் எடுத்துத் துடைத்துப் பராமரித்து, ஆசைக்கு ஓட்டுகிறவர்கள் மேலைநாடுகளில் ஏராளம். நம் நாட்டில் அந்த வண்டிகள் பிழைப்புக்கு வந்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஏலத்துக்கு வந்த டாட்ஜும் செவர்லேயும் மலைக்காட்டில் மரம் இழுத்தன. 1959 முதல் ஜபல்பூரில் ராணுவத்துக்காகத் தயாரான சக்திமானுக்கும் கழிந்தபின் அதே வேலைதான் கிடைத்தது. 1970 வாக்கில் அசோக் லேலண்ட் ராணுவத்துக்குக் கொடுத்த ஹிப்போ டிப்பரில் பின்னாலுள்ள இரண்டு அச்சுகளுமே வண்டியை உந்தும். இன்று உழுத காட்டுக்குள் இறங்கும் பத்துச் சக்கர ரிக் வண்டிகள் பலவற்றிலும் அதே ஏற்பாடுதான். சாலை இல்லாத இடத்துக்குப் போக வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது.

கெட்டிப் பாறையை விரைவாகத் துளைக்கும் காற்றழுத்த ரிக்குகள் இந்தியாவுக்குப் பரவலாக வந்தது 1967 பீகார் வறட்சியின்போது. யுனிசெஃப் கொண்டுவந்தது. வாரக்கணக்கில் குடைய வேண்டிய துளை ஒரே நாளில் முடிந்தது. கிணறு வெட்டி வெட்டிப் பாறையில் முட்டி நின்ற கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதன் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான் போனது ஒரு தகரக் கொட்டகைப் பட்டறைக்கு. மழைக்காலம் என்பதால் வெளி மாநிலம் போன வண்டிகள் திரும்பி வந்து, கழற்றிப் போட்ட நிலையில் நின்றன. ஒரு மூலையில் புது மாஸ்டுக்கு, அதாவது வண்டியின் முதுகில் கிடக்கும் அந்தக் கோபுரத்துக்கு, வெல்டிங் நடந்துகொண்டிருந்தது. வெல்டர் ஒரு பக்கம் நாலு விரற்கடை வைத்தார், எழுந்து எதிர்ப்பக்கம் போய் நாலு விரற்கடை வைத்தார், மறுபடி இந்தப் பக்கம் வந்தார். ஒரே பக்கமாக வைத்துக்கொண்டே போனால் சூட்டில் இரும்பு இழுத்துக்கொள்ளுமாம். மாஸ்ட் நூல் அளவு வளைந்தாலும் துளை கோணலாகப் போகும், துளையிடும் ராடு உரசும், பிறகு தண்ணீர் மோட்டார் இறங்காது. "சேஸிஸ்ல மட்டும் வெல்டிங் வைக்கக் கூடாதுங்க. அது வண்டியோட முதுகெலும்பு" என்றார் பட்டறைக்காரர். அதனால் சேஸிஸின் மேல் தனியாக ஒரு சட்டம் வைத்து, யூ போல்ட் போட்டு இறுக்கி, அதன்மேல்தான் ரிக்கை உட்கார வைக்கிறார்கள். அளவுகள் எந்தத் தாளிலும் இல்லை. பதினைந்து வயதில் எடுபிடியாக வந்தவர்கள் பார்த்துப் பழகியது.

அங்கிருந்து ராசிபுரம் பக்கம் ஒரு மரவள்ளிக் காட்டுக்குப் போனேன். அங்கே துளை போட வந்த ரிக் வண்டிக்கு உரிமையாளரே ஓட்டுநர். கிளீனராகத் தொடங்கி, ஓட்டுநராகி, கடன் வாங்கிப் பங்குக்கு ஒரு ரிக் எடுத்தவர். இந்த வட்டாரத்தில் லாரி முதலாளிகள் பலரின் கதையும் இதுதான். "தொப்பூர் மலை இறக்கத்துல இந்த வண்டிய எறக்கறதுதாங்க கஷ்டம். பாரம் முழுக்க மேல நிக்குது. கீழ் கியர்லயே உருட்டணும். டீசலுக்கு ஆசப்பட்டு நியூட்ரல் போட்டா அவ்ளோதான்" என்றார்.

காட்டுக்குள் வண்டி பின்னோக்கி வந்து நின்றதும் நான்கு ஜாக்கிகளும் இறங்கின. ஒவ்வொன்றின் அடியிலும் கனத்த மரக்கட்டை. கட்டை மண்ணில் எவ்வளவு புதைகிறது என்று குனிந்து பார்த்துவிட்டு, ஓட்டுநர் கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டத்தை எடுத்து மாஸ்டின் இரண்டு பக்கமும் வைத்தார். குமிழி நடுவில் நிற்கவில்லை. ஒரு ஜாக்கியைக் கொஞ்சம் ஏற்றினார். மறுபடி வைத்தார். இத்தனை பெரிய வண்டியின் வேலை முழுவதும் அந்தச் சிறு குமிழியை நம்பி இருக்கிறது.

பிறகு கம்பரசர் உறுமியது. ராடு வழியாகப் போகும் காற்று அடியிலுள்ள ஹேமரை இயக்குகிறது, ஹேமர் நுனியிலுள்ள பட்டன் பிட்டைப் பாறையில் அடிக்கிறது, அதே காற்று உடைந்த தூளை மேலே ஊதித் தள்ளுகிறது. 20 அடிக்கு ஒரு ராடு. கணக்கும் அடிக்குத்தான், ஆழம் கூடக் கூட ரேட்டும் கூடும். ஆயிரம் அடி போக 50 ராடு இறக்க வேண்டும், அத்தனையையும் திரும்ப ஏற்றவும் வேண்டும். ராடு மாற்றியவர்கள் ஒடிசாவிலிருந்தும் சத்தீஸ்கரிலிருந்தும் வந்த இளைஞர்கள். ஆப்பரேட்டர் லீவரில் கை வைத்தபடி சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் மாறினால் பாறை மாறுகிறது. குழியைச் சுற்றிக் குவியும் தூளைக் கிள்ளி விரலில் தேய்த்தார். வெள்ளை மாவாக வந்தது, முன்னூறு அடிக்குமேல் கறுத்து, லேசாகப் பிசுபிசுத்தது. தோட்டக்காரர் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஈரம் தட்டுவதற்குள் அங்கிருந்த எல்லாருமே வெள்ளையாகிவிட்டோம். நான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். நாள்தோறும் அதிலேயே நிற்கும் அந்தப் பையன்கள் துண்டைக்கூடச் சுற்றியிருக்கவில்லை. நாமக்கல், சேலம் பாறைகளில் சிலிக்கா அதிகம். அந்தத் தூள் நுரையீரலில் தங்கினால் வரும் சிலிக்கோசிஸுக்குக் குணம் கிடையாது, வராமல் தடுக்க மட்டுமே முடியும். துளைக்குள் காற்றோடு கொஞ்சம் தண்ணீரைச் சேர்த்து விட்டாலே தூசி பெருமளவு அடங்கும். அந்த ஏற்பாடு பல வண்டிகளில் இருக்கிறது. பயன்படுத்தச் சொல்லத்தான் ஆள் இல்லை. அடி கணக்கையும் தண்ணீர் கணக்கையும் பார்க்கிற நாம், ராடு தூக்குகிறவனின் மூச்சைக் கணக்கில் எடுப்பதே இல்லை. எனக்கு இது பொறுக்கவில்லை. இவ்வளவு நுட்பமாக வண்டி கட்டத் தெரிந்த ஊருக்கு இதைச் சரிசெய்வது பெரிய காரியமே அல்ல.

தோட்டத்துக்கு ரிக் வண்டியை அழைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வண்டி வருகிற பாதையிலும் துளை போடும் இடத்திலும் தலைக்குமேல் மின்கம்பி போகிறதா என்று முதலில் பாருங்கள். போனால் இடத்தை மாற்றுங்கள். முடியாவிட்டால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகே மாஸ்டைத் தூக்கச் சொல்லுங்கள், கம்பியில் மாஸ்ட் பட்டால் ராடு பிடித்திருப்பவன்தான் முதலில் சாவான். தூசிக்குத் தண்ணீர் விடச் சொல்லிக் கேளுங்கள், உங்கள் தொட்டியிலிருந்தே கொடுங்கள். தண்ணீர் கிடைக்கவில்லை என்றால் மனம் நொந்து திரும்பிப் போய்விடாதீர்கள். கைவிட்ட துளையை அடியிலிருந்து தரைமட்டம்வரை நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லியிருக்கிறது. 2019-இல் நடுக்காட்டுப்பட்டியில் கைவிட்ட துளைக்குள் ஒரு குழந்தை விழுந்து இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. துளையை மூடிவிட்டு வண்டிக்குப் பணம் கொடுங்கள்.